பழைய வண்ணாரப்பேட்டை கோலி சோடா கம்பெனி: வரலாற்றை எதிலிருந்து எழுதுவது?

கேள்வி: எம்.சி. ரோடு பேரன்

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா தொடங்கி, பின்னர் பெரியப்பாவும் அப்பாவும் நடத்திய சோடா கம்பெனி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. வீட்டை இடித்துக் கட்டவிருப்பதால் பின்கட்டைக் காலி செய்தபோது, கையால் சுற்றும் மிஷின், ஏறக்குறைய இருநூறு கோலி பாட்டில்கள், தாத்தா கைப்பட எழுதிய பற்று வரவு நோட்டு ஆகியவை கிடைத்தன. தொடங்கிய ஆண்டுக்கு ஆவணம் ஏதுமில்லை. கோக்கோகோலா நாட்டை விட்டுப் போனபோதுதான் நமக்கு நல்ல காலம் பிறந்தது என்று அப்பா சொல்வார். பழைய இரும்புக்காரர் மிஷினுக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். இவற்றைக் கொண்டு வரலாறு எழுத இயலுமா?

பதில்: தண்டையார்பேட்டைக்காரன்

தம்பி, மிஷினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் பதினைந்து வயதிலிருந்து அதைச் சுற்றியவன். உங்களிடம் இருக்கும் கோலி பாட்டில், லண்டனில் ஹிராம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்றது. தண்ணீர் ஊற்றிய பாட்டிலை மிஷினில் பொருத்தி, கேஸை ஏற்றித் தலைகீழாகச் சுழற்றினால், கோலி கழுத்துக்கு இறங்கும். உள்ளிருக்கும் கேஸின் அழுத்தமே அதை ரப்பர் வாஷரோடு இறுக்கி அடைத்துவிடும். மூடியும் வேண்டாம், மூடி போடும் இயந்திரமும் வேண்டாம் என்பதால்தான், பின்கட்டில் ஒரு குடும்பம் இத்தொழிலை நடத்த முடிந்தது. கீறல் விழுந்த பாட்டில் சுற்றும்போதே வெடிக்கும். கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் நிற்போம், அப்படியும் என் இடது முன்கையில் தழும்பு இருக்கிறது.

மற்றொன்று, பாட்டில்களைக் கழுவிவிட்டு, கண்ணாடியில் புடைத்திருக்கும் பெயர்களைப் படியுங்கள். காலி பாட்டில்கள் கடைகளில் ஒன்றோடொன்று கலந்துதான் திரும்பி வரும். அக்கம்பக்கத்தில் இருந்து மறைந்த கம்பெனிகளின் பெயர்களும் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும்.

பதில்: ராயபுரம் ஆசிரியை

உங்கள் அப்பா சொன்னது காலத்தோடு பொருந்துகிறது. கோக்கோகோலா 1977இல் வெளியேறி, 1993இல் திரும்பியது. ஆயினும், கோலா வந்தது, சோடா அழிந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொத்தவால்சாவடி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியதும், பெரம்பூர் பின்னி மில் மூடப்பட்டதும் 1996இல்தான். மூட்டை தூக்கியவர்களும் ஷிப்ட் முடித்து வந்தவர்களும் நின்று சோடா குடித்த கடைகள் அவ்வாண்டுக்குப் பிறகு உங்கள் நோட்டில் தொடர்கின்றனவா என்று பாருங்கள். என் கணிப்பில், மிஷினைவிட அந்த நோட்டே பெரிய சொத்து.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. இரும்புக்காரரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். இதுவரை கழுவிய நாற்பது பாட்டில்களில் பதினொன்று பிறர் பெயர் கொண்டவை. அவற்றுள் ஒன்றை அப்பா கையில் வாங்கியதும், எந்தத் தெரு, யார் வீடு என்று உடனே சொன்னார். எழுதிக்கொண்டேன். நோட்டில் கொத்தவால்சாவடிக் கடைகள் எட்டும் அடுத்தடுத்த பக்கங்களில் நின்றுவிடுகின்றன. காசிமேட்டு டீக்கடை ஒன்று மட்டும் கடைசிப் பக்கம் வரை வருகிறது. அதன் நேரே மாதந்தோறும் "காலி 6 வரணும்" என்று தாத்தா எழுதியிருக்கிறார், ஒரு மாதம்கூட அதற்குப் பணம் பிடிக்கவில்லை. அந்தக் கடை இன்னும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறேன்.