மூன்று சுற்றிலும் முன்னிலை, முடிவில் தோல்வி: இறுதிப்போட்டித் தீர்ப்பு சரிதானா?

எதுகைப்பித்தன்:
ராப் வரிகளால் எதிரணியைச் சாடி மோதும் பேட்டில் ராப்பில், இருவர் அணிகளுக்கான இறுதிப்போட்டியில் சிவப்பு அணி 3-2 என வென்றதாக அறிவித்தார்கள். பின்னர் அமைப்பாளர்களே வெளியிட்ட ஐந்து நடுவர்களின் தாள்களைச் சுற்றுவாரியாகக் கூட்டிப் பார்த்தேன். முதல் சுற்று நீல அணிக்கு 3-2, இரண்டாவதும் 3-2, மூன்றாவதும் அதே 3-2. ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பான்மை நடுவர்கள் யாரைச் சிறந்தவர்கள் என்றார்களோ, அந்த அணி கோப்பையில்லாமல் மேடையை விட்டு இறங்கியிருக்கிறது. இதை நியாயம் என்பவர்கள் விளக்க வேண்டும்.

மூன்றாம்சுற்று:
தாள்களை நடுவர்வாரியாகவும் படித்திருந்தால் விளக்கம் அங்கேயே கிடைத்திருக்கும். மூன்று நடுவர்கள் சிவப்பு அணிக்கு இரண்டிரண்டு சுற்றுகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கொடுத்தது 1, 2-ஆம் சுற்றுகள். அடுத்தவர் 1, 3. மூன்றாமவர் 2, 3. எஞ்சிய இருவரும் மூன்று சுற்றுகளையும் நீல அணிக்கே கொடுத்துவிட்டார்கள். நடுவர்களை எண்ணினால் சிவப்பு, சுற்றுகளை எண்ணினால் நீலம். வாக்கெடுப்பு முறைகளை ஆராய்பவர்கள் ஆஸ்ட்ரோகோர்ஸ்கி முரண் என்று அழைப்பது இதைத்தான். இதில் யாருடைய சதியும் தேவையில்லை. ஒவ்வொரு நடுவரும் முழுப் போட்டிக்கும் ஓர் அணியைத் தேர்வார் என்ற விதி, டாஸ் போடுவதற்கு முன்பே மேடையில் வாசிக்கப்பட்டது. அப்போது இரு அணிகளும் மறுப்புச் சொல்லவில்லை.

எதுகைப்பித்தன்:
விதி மீறப்பட்டது என்று நான் எங்கும் எழுதவில்லை. விதி தவறு என்கிறேன். முழுப் போட்டியையும் ஒன்றாக எடைபோட வேண்டுமென்றால், தாளில் சுற்றுக்கு ஒன்றாக மூன்று கட்டங்கள் எதற்கு? மயிரிழையில் 2-1 என்று எழுதியவரின் தீர்ப்பும், தயக்கமே இல்லாமல் 3-0 என்று எழுதியவரின் தீர்ப்பும் ஒரே எடை பெறுகின்றன. பதினைந்து கட்டங்களில் ஒன்பது நீலம், ஆறு சிவப்பு.

மூன்றாம்சுற்று:
பதினைந்தையும் கூட்டத் தொடங்கினால், நடுவர் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் அணியின் நண்பர் 3-0 என்று எழுதியே போட்டியைத் திருப்பிவிடலாம். ஆளுக்கு ஒரு வாக்கு என்றால் அவரால் விளையும் கேடு ஒரு வாக்கோடு நின்றுவிடும். தவிர, பேட்டில் என்பது தொடர்பில்லாத மூன்று துண்டுகள் அல்ல. முதல் சுற்றில் வந்த பஞ்ச்லைனுக்கான ரீபட்டல், அதாவது பதிலடி, மூன்றாம் சுற்றில் வரலாம். அப்போது முதல் சுற்றின் மதிப்பே கேட்பவர் மனத்தில் மாறிவிடுகிறது. அந்தத் தொடர்ச்சி ஒரு நடுவரின் மனத்திற்குள் இருக்கிறதே தவிர, ஐந்து பேரிடமிருந்தும் ஒவ்வொரு கட்டமாகப் பிய்த்தெடுத்து ஒட்டிய பட்டியலில் இல்லை.

எதுகைப்பித்தன்:
நண்பர் என்ற அச்சம் கூட்டல் முறைக்குப் பொருந்தும். நான் கேட்பது சுற்றுக்குச் சுற்று பெரும்பான்மை. அதில் எவருக்கும் ஒரு சுற்றில் ஒரு வாக்குக்கு மேல் கிடையாது. ரீபட்டல் பற்றிய வாதம் வலுவானதுதான், ஆனால் அதை ஏற்றால் சுற்றுக் கட்டங்களையே தாளிலிருந்து நீக்க வேண்டும்.

தாளக்கட்டு:
இருவரும் எண்களிலேயே நிற்கிறீர்கள். மூன்றாம் சுற்றில் நீல அணியின் ஒருவர் வரி மறந்து உறைந்து நின்றதை ஏன் யாரும் பேசவில்லை? தனிநபர் பேட்டிலில் அப்படி சோக் ஆனவர் அந்தச் சுற்றைப் பெரும்பாலும் இழந்துவிடுவார். அணி என்பதற்காக அது சலுகையாகிவிடுமா?

எதுகைப்பித்தன்:
சலுகை அல்ல, அணிப் போட்டியின் கலையே அதுதான். கூட்டாளி அடுத்த மூச்சிலேயே விட்ட இடத்தைப் பிடித்து, அதே எதுகையைத் தொடர்ந்து, அந்தத் தடுமாற்றத்தையே ஒரு கிண்டலாக்கி எதிரணியின் மீது வீசினார். இருவர் அணி என்றால் வரிகளைப் பங்கு போட்டு ஒப்பிப்பது மட்டுமல்ல. 2006-லும் 2007-லும் உலக ராப் சாம்பியன்ஷிப்பை த சாரஸ், இல்மாக்குலேட் என்ற ராப்பர்கள் ஜோடியாகவே வென்றார்கள். இரண்டு திறமைசாலிகளை அருகருகே நிறுத்தினால் அது தானாக அணியாகிவிடாது. சரி, தண்டனை கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மூன்றாம் சுற்றைச் சிவப்பு அணிக்கே எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டும் அப்போதும் நீலத்திடமே இருக்கின்றன.

தாளக்கட்டு:
மீட்டது அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதி வைத்திருந்த வரிகள் கேட்கப்படாமலே போய்விட்டன. கேட்காத வரிக்கு எப்படி மதிப்பெண் தருவது?

கடைசிவரிசை:
இந்தத் தொல்லையே வேண்டாம். அமெரிக்காவின் பேட்டில் ராப் அமைப்பான அல்டிமேட் ராப் லீக்கில் பெரும்பாலும் நடுவர் தீர்ப்பே கிடையாது. யார் வென்றார் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

மூன்றாம்சுற்று:
தனித்தனி மோதல்களுக்கு அது பொருந்தும். தோற்றவர் வெளியேறும் தொடரில் அடுத்த கட்டத்துக்கு யாரையாவது அனுப்பியாக வேண்டும். இறுதிப்போட்டி என்றால் கோப்பையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். எதுகைப்பித்தன் அவர்களிடம் ஒரே கேள்வி: தாள்கள் தலைகீழாக வந்து, உங்கள் முறையால் சிவப்பு அணி வென்றிருந்தால், இதே பதிவை எழுதியிருப்பீர்களா?

எதுகைப்பித்தன்:
எழுதியிருக்க மாட்டேன்; உங்கள் கட்சிக்காரர் ஒருவர் எழுதியிருப்பார், அவர் சொல்வதும் சரியாகவே இருந்திருக்கும். கோப்பையைப் பறிக்கச் சொல்லவில்லை. அடுத்த தொடருக்கான விதிகளை வெளியிடும்போது, தாளில் உள்ள மூன்று கட்டங்களும் தீர்ப்பில் எண்ணப்படுமா, நடுவரின் நினைவுக் குறிப்புக்கு மட்டும்தானா, வரி மறந்தவருக்காகக் கூட்டாளி தொடர்ந்தால் அது எப்படிக் கணக்கிடப்படும் என்ற இரண்டையும் எழுத்தில் கொடுக்கட்டும்.

மூன்றாம்சுற்று:
இரண்டாவது கோரிக்கையில் உங்களோடு கையெழுத்திடுகிறேன். முதலாவதில் என் வாக்கு கட்டங்களை நீக்குவதற்கே.