ரெண்டரை வயசு, 4 வயசுப் பிள்ளைங்களுக்கு வீட்டிலேயே பாட்டு விளையாட்டு: எப்படி ஆரம்பிக்கிறது?

மஞ்சக்குப்பம்_அம்மா:
வணக்கம் தோழிகளே. பெரியவனுக்கு 4 வயசு, சின்னவளுக்கு ரெண்டரை. போன்ல பாட்டு போட்டா ரெண்டும் அசையாம பாக்குதுங்க. கூடப் பாடறதில்ல, கை கூட ஆட்டறதில்ல. போன் இல்லாம, வீட்டுச் சாமானை வெச்சே தினம் 15 நிமிஷம் செய்யற மாதிரி சொல்லுங்க. ஒண்ணா உக்கார வெச்சா சின்னது எல்லாத்தையும் கலைச்சிடுது, அதுக்கும் வழி வேணும்.

பாகூர்_பால்வாடி:
போன் பாட்டோட வேகம்தான் சிக்கல். பிள்ளை ஒரு கையைத் தூக்கறதுக்குள்ள அடுத்த வரி வந்துடும். அதனால பாக்கறதோட நிறுத்திக்குது. நீங்களே வாயால பாடுங்க, அதுல பாதி வேகத்துல. சுதி சேரணும்னு அவசியமே இல்ல. உங்க வாயும் முகமும் அதுக்குத் தெரியணும், அதுதான் முக்கியம்.

ஒரு வாரத்துக்கு ஒரே பாட்டு. தினம் புதுசு மாத்தினா எதுவும் நிக்காது. முதல் ரெண்டு நாள் நீங்க மட்டும் அசைவோட பாடுங்க. அப்புறம் பிள்ளை கையைப் பிடிச்சு ஆட்டுங்க. நாலாம் நாள் வரியோட கடைசிச் சொல்லை விட்டுட்டு, மனசுக்குள்ள அஞ்சு எண்ணற வரைக்கும் அது முகத்தையே பாருங்க. பெரும்பாலும் நாம ரெண்டு எண்றதுக்குள்ள அவசரப்பட்டு நாமளே சொல்லிடறோம், பிள்ளைக்கு வாய் திறக்க இடமே இல்லாம போயிடும். மழலையா ஏதோ ஒரு சத்தம் வந்தாலும் போதும், திருத்தாதீங்க.

பெரியவனுக்குத் தோசைப் பாட்டு. பழைய அட்டைப்பெட்டியில 8 செ.மீ. அகலத்துக்கு 10 வட்டம் வெட்டுங்க, நாலு தட்டு வைங்க. பாட்டுல அப்பாவுக்கு நாலு, அம்மாவுக்கு மூணு, அண்ணனுக்கு ரெண்டு, பாப்பாவுக்கு ஒண்ணு. மொத்தம் சரியா பத்து வரும். இங்க வழக்கமா நடக்கறது: வாய் 'நாலு'ன்னு ஓடிடும், கை ரெண்டு தோசைதான் வெச்சிருக்கும். அப்போ பாட்டை நிறுத்தி, ஒவ்வொண்ணா தட்டுல வைக்கும்போது மட்டும் எண்ணச் சொல்லுங்க. நாலு கஷ்டமா இருந்தா பாப்பா, அண்ணன் தட்டோட ஆரம்பிங்க. இது பழகினதும் பாட்டிக்கு அஞ்சுன்னு சேருங்க. இன்னும் எத்தனை தோசை வெட்டணும்னு அவனையே கேளுங்க.

சின்னவ கலைக்கறான்னா அவளுக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். ஒரு கரண்டியும் பழைய தோசைக்கல்லும் அவ கையில குடுத்து, 'சொய்ங்' சத்தம் போடற வேலையை அவளுக்குக் குடுத்துடுங்க.

முத்தியால்பேட்டை_தாத்தா:
தாளத்துக்குக் கொட்டாங்குச்சி போதும்மா. ஒரே தேங்காயோட ரெண்டு மூடி எடுங்க, அப்பதான் வாய் பொருந்தும். நாரை நல்லா சுரண்டி, விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். தேய்க்காம விட்டா கையில சிராய் ஏறும். ரெண்டு நாள் வெயில்ல காயட்டும். ஈரத்தோட தட்டினா மொத்மொத்துன்னுதான் கேக்கும்.

கிலுகிலுப்பை வேணும்னா 200 மி.லி. பாட்டில்ல கால் பங்குக்கு மேல அரிசி போடாதீங்க, நிறைஞ்சா சத்தம் அடங்கிடும். நம்ம கடக்காத்து ஈரத்துக்கு அரிசி கட்டி தட்டி வண்டு வந்துடும், வெறும் சட்டியில வறுத்து ஆற வெச்சுப் போடுங்க. மூடியோட மரையில பசை தடவி முறுக்கி ஒரு நாள் விடணும். டேப் மட்டும் சுத்தினா பிள்ளை பல்லாலயே பிச்சிடும்.

மூணு வயசுக்கு உள்ள பிள்ளைக்குப் பாடறதும் தட்டறதும் ஒண்ணா வராது. ஏதோ ஒண்ணு செஞ்சா போதும், விட்டுடுங்க.

மஞ்சக்குப்பம்_அம்மா:
ரொம்ப நன்றி. அட்டை வெட்டறதுக்குப் பதிலா புளியங்கொட்டை வெச்சு எண்ணலாமா? பண்ருட்டியில இருந்து வந்த முந்திரிக்கொட்டையும் வீட்ல இருக்கு.

பாகூர்_பால்வாடி:
சின்னவ பக்கத்துல இருக்கும்போது புளியங்கொட்டை வேண்டவே வேண்டாம், வாயிலயோ மூக்குலயோ போட்டுக்கும். மூணு வயசுக்கு உள்ள பிள்ளை கைக்கு 4 செ.மீ.க்குச் சின்னதா எதுவும் போகக்கூடாது. ஓட்டோட இருக்கற முந்திரிக்கொட்டை பெரியவனுக்கும் ஆகாது. ஓட்டுல இருக்கற எண்ணெய் பட்டா தோல் வெந்து புண்ணாகும். அட்டையே இருக்கட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்_சித்தி:
'ஒரு குடம் தண்ணி ஊத்தி' பாட்டுக்கு ஆள் பத்தாதுன்னு விட்டுடாதீங்க. ரெண்டு நாற்காலிக்கு நடுவுல ஒரு துண்டைக் கட்டி, பிள்ளைங்க குனிஞ்சு நுழைஞ்சு போகட்டும். இல்லன்னா தோட்டத்துப் பக்கம் ஒரு சொம்பு தண்ணி, ஒரு சின்ன டம்ளர், செடியில உதிர்ந்த பூ கொஞ்சம். ஒரு வரிக்கு ஒரு டம்ளர் ஊத்திட்டு ஒரு பூ வைக்கணும். முதல் வாரம் அஞ்சு வரியோட நிறுத்துங்க, பத்து வரைக்கும் போனா பூவை விட்டுட்டு தண்ணியில அளைய ஆரம்பிச்சிடுவாங்க. டைல்ஸ் தரையில செய்யாதீங்க, வழுக்கும். வாளியில தண்ணி வெச்சுட்டு ஒரு நிமிஷம் கூட உள்ள போகாதீங்க. முடிஞ்சதும் மிச்சத் தண்ணியைச் செடிக்கு ஊத்தி, சொம்பைக் கவுத்திடுங்க.