இங்கிலாந்து போன மலையக அம்மாக்களுக்கு: மகளின் மாத்திரையும் உங்கள் அனுமதியும்

நேற்று இரவு கேள்வி போட்ட தங்கச்சிக்குத்தான் இந்தப் பதில். மஸ்கெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கமிருந்து இங்கிலாந்து போன மற்றவர்களும் வாசியுங்கள், ஏனென்றால் இதே கேள்வி வேறு வேறு வீடுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. 15 வயது மகளின் ஸ்கூல் பையில் கருத்தடை மாத்திரை அட்டை இருந்திருக்கிறது. "என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தார்கள், யாரிடம் முறையிடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அட்டையைப் பார்த்தவுடனே முடிவு கட்டாதீர்கள். மாதவிடாயில் இரத்தம் அதிகம் போனாலும், வயிற்றுவலி தாங்க முடியாவிட்டாலும், முகப்பரு மோசமாக இருந்தாலும் டொக்டர் அதே மாத்திரையை எழுதுவதுண்டு.

இனி சட்டம். 16 வயதானால் வைத்தியத்துக்குப் பிள்ளையின் சம்மதமே போதும். அதற்குக் கீழே என்றாலும், சொல்வதை விளங்கிக்கொள்ளும் பிள்ளை என்று டொக்டரோ நர்ஸோ திருப்திப்பட்டால் பெற்றோரைக் கேட்காமலே கொடுக்கலாம். விக்டோரியா கில்லிக் என்ற தாய், தன் பெண்பிள்ளைகளுக்குத் தன்னைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக்கூடாது என்று வழக்குப் போட்டார். அது அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 1985இல் நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று அவருக்கு எதிராக முடிந்தது. அதில் ஃப்ரேஸர் பிரபு என்ற நீதிபதி சொன்ன நிபந்தனைகளைத்தான் இன்றும் பார்க்கிறார்கள். பெற்றோரிடம் சொல்லும்படி பிள்ளையிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. நம்மவர்களுக்கு இது தெரிவதேயில்லை.

ஹட்டனுக்குத் திரும்பி வருவதற்கு முன் நான் லண்டன் கிளினிக்குகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைகள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நர்ஸ் எடுத்தவுடனே மருந்தைப் பற்றிப் பேசமாட்டார். "அந்தப் பையனுக்கு எத்தனை வயது? யாராவது உன்னை வற்புறுத்துகிறார்களா? அம்மாவிடம் சொல்லலாமா, நான் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருப்பார். அப்புறம்தான் கருத்தடைக்காகக் கையில் வைக்கும் குச்சியை எடுத்துக் காட்டுவார். தீக்குச்சி அளவுதான் இருக்கும். மேல்கையில் தோலுக்கு அடியில் வைத்தால் மூன்று வருடம் வேலை செய்யும்.

நாம் ஏன் இவ்வளவு பதறுகிறோம் என்பதையும் பேசத்தான் வேண்டும். தோட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன் என்றிருந்த காலம் உண்டு. 1980களில் அதற்கு அரசாங்கம் பணமும் கொடுத்தது. தோட்டத்து லொறியில் போய், என்ன செய்தார்கள் என்று சரியாக விளங்காமலே கைநாட்டு வைத்துவிட்டு வந்த பெரியம்மாக்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். உனக்கு விருப்பமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அதனால் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது என்றதும் நமக்கு நெஞ்சு திக்கென்கிறது, அது நியாயம்தான். ஆனால் அங்கே நர்ஸ் உங்கள் மகளிடம் கேட்பது, நம் பெரியம்மாக்களிடம் கேட்காமல் விட்ட அதே கேள்வி. அந்தக் கேள்வியை அவளிடமிருந்து பறிக்க நான் உங்களுக்கு வழி சொல்லமாட்டேன்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாத்திரை, ஊசி, லூப், குச்சி, ஆணுறை எல்லாமே அங்கே அரச சுகாதார சேவையில் இலவசம். விசா எதுவானாலும் கருத்தடைக்குக் கட்டணம் இல்லை, பில் எதுவும் வீட்டுக்கு வராது.

ரகசியம் காப்பார்கள், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்று தெரிந்தால் பிள்ளைகள் பாதுகாப்பு அதிகாரிகளுக்குச் சொல்வார்கள். 13 வயதுக்குக் கீழே என்றால் உடலுறவுக்குச் சட்டப்படி சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் பெற்றோர் சம்மதம் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஏப்ரலிலிருந்து கருத்தடை மருந்துகள் பெரும்பாலும் இலவசம். சொந்தக்காரர் சொன்னார் என்று ஒரு நாட்டுச் சட்டத்தை இன்னொரு நாட்டில் பேசாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? கிளினிக்கில் போய்ச் சண்டை போடாதீர்கள். அட்டையைப் பிடுங்கி எறியாதீர்கள். இடையில் மாத்திரை நின்றால் கர்ப்பம் தங்கலாம். "நீ நன்றாக இருக்கிறாயா, யாராவது கஷ்டப்படுத்துகிறார்களா?" என்று மட்டும் கேளுங்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்ற வார்த்தை வாயில் வரவே வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த தடவை ஆபத்தில்கூட உங்களிடம் வராது.

கீழே ஒரு தம்பி, மகளின் மருத்துவப் பதிவை அப்பா பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். தானே முடிவெடுக்கக்கூடிய பிள்ளை என்றால் அவள் சம்மதம் வேண்டும் தம்பி. 13 வயதிலிருந்து அவளே தன் பெயரில் சுகாதார சேவை ஆப்பை வைத்துக்கொள்ளலாம்.

தங்கச்சி, மகள் சம்மதித்தால் இரண்டு பேருமாக டொக்டரிடம் போங்கள். நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்கும் காசில்லை. அந்த அறையில் மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.