வயலின் பின்பலகையில் வரி: நாதத்துக்கா, கண்ணுக்கா?

உளிக்காரர்:
"வரி எவ்வளவு ஆழமோ, நாதமும் அவ்வளவு ஆழம், வரியில்லாத மேப்பிளில் வயலின் செய்வது வீண்வேலை" என்று ஒரு மர வியாபாரி எழுதியதை நாதப்பிரியன் பெருமையோடு இங்கே எடுத்துப் போட்டிருக்கிறார். தொழில் பழகுகிறவர்கள் இதை நம்பிக் கைக்காசை வரிக்கே கொட்டுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன். வயலினின் பின்பலகைக்கு எடுக்கும் மேப்பிள் மரத்தில் குறுக்கே பட்டைபட்டையாகத் தெரியும் வரி, மரத்தின் நிறமல்ல. இழைகள் நேராக ஓடாமல் நெளிந்து ஓடுவதால், ஒரு நெளிவில் பட்ட ஒளி நம் கண்ணுக்குத் திரும்புகிறது, அடுத்த நெளிவில் பட்டது உள்ளே போய்விடுகிறது. பலகையைச் சாய்த்தால் வெளிச்சமும் இருளும் இடம் மாறுவது இதனால்தான். அப்படி நெளிந்த இழைக்கு நீளவாக்கில் விறைப்பு குறைவு. விறைப்பைக் குறைக்கும் ஒன்றை நாதத்தின் ஊற்று என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

நாதப்பிரியன்:
கணக்கு, பழைய வயலின் மேதைகள் தொழில் செய்த இத்தாலிய நகரமான கிரெமோனாவில் இருக்கிறது, ஐயா. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள, ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த 'மெசையா'வின் பின்பலகையைப் பாருங்கள். வயலின் வித்துவான் பகனினி வாசித்த, குவர்னேரி டெல் ஜேசு 1743இல் செய்த 'கனோனே'யைப் பாருங்கள். இரண்டிலும் வரி இருக்கிறது. நாதத்துக்கு ஆகாத மரத்தையா அந்த மேதைகள் தேர்ந்தெடுத்தார்கள்?

உளிக்காரர்:
ஆகாது என்று நான் எங்கே சொன்னேன்? வரியால் நாதம் வருவதில்லை என்றேன். அதே கிரெமோனாவில், வயலின் குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோக்கள் சிலவற்றின் பின்பலகையைப் பாப்லர் மரத்தில் செய்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கிடைத்த, வரி மங்கிய மேப்பிளிலும் வயலின்கள் செய்திருக்கிறார்கள். அவற்றை யாரும் அடுப்பில் போடவில்லை. அரண்மனைகளுக்கும் செல்வந்தர்களுக்கும் செய்தபோது அழகான மரத்தை எடுத்தார்கள். அதில் தவறில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் நீளவாக்கு விறைப்புக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

நாதப்பிரியன்:
பேச்சு வயலினைப் பற்றியது, நீங்கள் செல்லோவுக்குத் தாவுகிறீர்கள். 1716ஆம் ஆண்டின் பின்பலகையில் வரி இருக்கிறதா, இல்லையா?

மரவியல் மாணவர்:
இருவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ராடிவாரியின் மேப்பிளையும் இன்றைய மேப்பிளையும் ஒப்பிட்டுத் தைவான் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பழைய மரம் தாதுப்பொருள்களால் பதப்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்றும், அதன் வேதிக் கட்டமைப்பே மாறியிருக்கிறது என்றும் சொல்கிறது. அப்படியானால் வரியை விட்டுவிட்டுப் பதப்படுத்தலைப் பற்றியல்லவா நாம் பேச வேண்டும்?

உளிக்காரர்:
பதப்படுத்தலுக்குத் தனியாக ஒரு விவாதம் தொடங்குங்கள். இங்கே கேள்வி வரி. பலகையைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். வயலினின் பக்கச்சுவரான விலாப்பட்டையை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, ஈரப்படுத்தி, சூடான இரும்பின் மேல் வளைக்கும்போது, ஆழமான வரியுள்ள பட்டை இடுப்புப் பகுதியின் வளைவில் வரிக்கு வரி முறிந்துகொள்ளப் பார்க்கிறது. ஒவ்வொரு நெளிவிலும் இழையின் நுனி மேற்பரப்பில் அறுபட்டு நிற்பதுதான் காரணம். அதனால்தான் பட்டைக்குப் பின்னால் மெல்லிய உலோகத் தகட்டை அணைத்துக்கொண்டு வளைக்கிறோம். இழைப்புளி போட்டால் இழை பிய்ந்துகொண்டு வருகிறது. பல்வைத்த அலகால் சீவி, கடைசியில் சுரண்டும் தகட்டால் முடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் 'நாத வரி' கைக்கு இவ்வளவு பலவீனமாகத் தெரிவது எதனால்?

நாதப்பிரியன்:
உங்கள் பட்டை முறிந்தால் அது உங்கள் அலகின் கூர்மைக் குறைவு, மரத்தின் குற்றமல்ல. சென்ற ஆண்டு கழுத்து மர விவாதத்திலும் இப்படித்தான் உங்கள் பட்டறைக் கஷ்டத்தை உலக விதியாக்கினீர்கள். ஸ்ட்ராடிவாரியின் விலாப்பட்டைகளிலும் வரி உண்டு. அவை இன்றும் முறியாமல் இருக்கின்றன.

உளிக்காரர்:
கழுத்து விவாதத்தில் நான் சொன்னதை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. என் அலகைப் பற்றிப் பேசுகிறவர், பிளந்த போஸ்னிய மேப்பிள் ஆப்பு ஒன்றையாவது சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுண்டா? மரத்தின் நடுவிலிருந்து வெளி மரப்பட்டையை நோக்கி, ஆரத்தின் போக்கில் பிளந்தால், நெளிவு அந்த முகத்தில் வாசற்படி போல ஏறி இறங்குவதைக் கையாலேயே தடவி உணரலாம். நான் மரம் வாங்கும்போது முதலில் பார்ப்பது அந்தப் பிளவு நேராக ஓடியிருக்கிறதா என்பதை. பிறகு எடையை. பிறகு விரல் முட்டியால் தட்டினால் ஒலி நீள்கிறதா, சட்டென்று அடங்குகிறதா என்பதை. வரியைப் பார்ப்பது அதற்கும் பிறகுதான். ஒரே ஆப்பை இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்தாற்போலப் பக்கத்தில் பக்கம் ஒட்டினால், வரிகள் நடு இணைப்பிலிருந்து இருபுறமும் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாயும்; அந்தச் சமச்சீருக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம். கொடுங்கள், கண்ணுக்காகக் கொடுங்கள், நாதத்துக்காக என்று ஏமாறாதீர்கள். பின்பலகையின் நடுவில் 4.5 மில்லிமீட்டர் அளவில் விட்டு, ஓரத்தை நோக்கி 2.5 மில்லிமீட்டர் வரை குடைந்து மெலிப்பதில்தான் நாதத்தின் பெரும்பங்கு தீர்மானமாகிறது.

வில் பிடிப்பவர்:
நான் வாசிப்பவன். என் வயலினின் பின்பலகையில் வரி அறவே இல்லை, கச்சேரியில் கடைசி வரிசைவரை கேட்கிறது.

நாதப்பிரியன்:
ஒரு வயலினை வைத்து முடிவு கட்ட முடியாது.

உளிக்காரர்:
ஆனால் ஒரே ஒரு 1716ஐ வைத்து முடிவு கட்டலாம், அப்படித்தானே? ஒரே எடை, ஒரே விறைப்பு உள்ள இரண்டு பலகைகளில், ஒன்றில் வரியோடும் மற்றதில் வரியில்லாமலும், ஒரே வளைவு, ஒரே கனம் வைத்து வயலின் செய்து, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுச் சொல்லுங்கள். அதுவரை, நெளிந்த இழைக்கு நீளவாக்கில் விறைப்பு குறைவு என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

நாதப்பிரியன்:
சொல்லிக்கொண்டே இருங்கள். மெசையாவின் பின்பலகையில் வரி இருக்கிறது.