சக மருத்துவரைப் பயிற்றுநராக வைத்துக்கொண்டவர்கள் உண்டா?

கேள்வி:
குடலிறக்கத்தை லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, சரிசெய்வதே என் அன்றாடப் பணி. அமெரிக்க அறுவை மருத்துவ வாரியம் சான்றிதழைத் தக்கவைக்க 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதவேண்டிய தேர்வைக் கைவிட்டு, 2018 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பீடு நடத்துகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் எழுத்துத் தேர்வு கையின் திறனைக் காட்டுமா? பயிற்றுநர் ஒருவர் வேண்டும் என்று விரும்புகிறேன்; அவருடைய குறிப்புகள் நிர்வாகத்துக்குப் போய்விடுமோ என்றுதான் தயங்குகிறேன்.

பதில் 1:
தயக்கம் நியாயமானது, டாக்டர். உங்கள் பதவி உயர்வில் கைவைக்கக்கூடியவரைப் பயிற்றுநராக்காதீர்கள். குறிப்புகள் யாரிடம் இருக்கும் என்பதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.

கையின் திறன் பற்றிக் கேட்டீர்களே, மிச்சிகனில் 20 எடைக்குறைப்பு அறுவை மருத்துவர்களின் வீடியோக்களைச் சக மருத்துவர்கள், யாருடையவை என்று தெரியாமலே மதிப்பிட்டார்கள். 2013இல் வெளியான முடிவு: திறனில் கடைசிக் கால்பகுதியினரின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல். முதல் கால்பகுதியினரிடம் 5.2 சதவீதம். இதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் பயிற்றுநர் தீர்ப்புச் சொல்வதில்லை. என் அறுவையின் வீடியோவை இருவரும் பார்க்கும்போது இடையில் நிறுத்தி, "இங்கே இடது கை என்ன செய்கிறது?" என்று மட்டும் கேட்பார். திசுவை இழுத்துப் பிடிக்கும் கோணத்தை நானே கண்டுகொள்வேன். அடுத்த அறுவைக்கு ஒரே ஒரு இலக்கு வைப்போம்.

பதில் 2:
வீடியோவில் நோயாளியின் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. அவருடைய ஒப்புதலும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வேறு மருத்துவமனையில் பணியாற்றும் மூத்தவர் ஒருவரிடம் இன்றே கேட்கிறேன்.