51 பெகாசி: நான் பார்த்தது அதுதானா? நிறமும் ஒளியும் ஒத்துவரவில்லை

பாளை_மாடிவானம்:
எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோளை முதன்முதலாக 1995-ல் கண்டுபிடித்தது 51 பெகாசியில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த நட்சத்திரத்தைக் காட்டுங்க சார்" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

எங்கள் மாடியில் நின்றால் தெருவிளக்குதான் தெரிகிறது. போன வாரம் மணிமுத்தாறு பக்கம் போனபோது பூரட்டாதியின் இரண்டு விண்மீன்களுக்கும் நடுவே மங்கலாக ஒன்று இருந்தது. பைனாகுலரில் பார்த்தால் லேசான ஆரஞ்சு நிறம். சூரியனைப் போன்றது என்றால் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொரு குழப்பம். அதன் ஒளி சூரியனைவிட 1.3 மடங்கு, தூரமோ வெறும் 50 ஒளியாண்டு என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஏன் இவ்வளவு மங்கல்? தூரமும் ஒரு இடத்தில் 50.1, இன்னொரு இடத்தில் 50.9. வயதும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். போர்டில் எதை எழுதுவது?

காத்தாடிக்காடு:
அண்ணாச்சி, அதன் மேக்னிட்யூட் (விண்மீன் தெரியும் ஒளியின் அளவு, எண் கூடக் கூட மங்கல்) 5.5. நல்ல இருட்டில் நல்ல கண்ணுக்கே 6 வரைதான் எட்டும். பாளையில் வாய்ப்பே இல்லை. எங்கள் ராதாபுரம் பக்கம் வாங்க என்று கூப்பிடலாம், ஆனால் ராத்திரி முழுக்கக் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். திசையன்விளை தாண்டித் தேரிக்காட்டுப் பக்கம் போனால் தேவலை. மேற்கே மலையடிவாரம் இருட்டுதான், ஆனால் மலை மேல மேகம் உட்கார்ந்துவிட்டால் போன பெட்ரோல் காசு வேஸ்ட்.

அம்பை_இரவுவான்:
சார், நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 56 பெகாசி. அது 4.8 மேக்னிட்யூட், ஆரஞ்சு நிறம். அந்த வட்டாரத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான், நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இப்படிப் பாருங்கள். இப்போது புரட்டாசி. ராத்திரி 10 மணிக்கு மேல் பூரட்டாதி நமக்குத் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். வடக்கே இருப்பது ஷியாட், தெற்கே இருப்பது மார்காப். அவற்றுக்குக் கிழக்கே உத்திரட்டாதியின் இரண்டு. நான்கும் சேர்ந்தால் பெகாசஸ் சதுரம். 56 பெகாசி அந்தச் சதுரத்துக்கு உள்ளே, அதாவது உத்திரட்டாதிப் பக்கம், ஷியாட்-மார்காப் கோட்டுக்குப் பக்கத்தில், ஷியாடுக்குக் கிட்டே இருக்கிறது. 51 பெகாசி சதுரத்துக்கு வெளியே. ஷியாடையும் மார்காபையும் ஒரு கோட்டால் இணையுங்கள். அதன் நடுவிலிருந்து துளி தெற்கே இறங்கி, உத்திரட்டாதிக்கு எதிர்ப்பக்கமாக, மேற்கே ஒன்றரை டிகிரி போங்கள். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. ஒன்றரை விரல், அவ்வளவுதான்.

முதலில் பைனாகுலரில் பிடித்துவிட்டு, பிறகு வெறுங்கண்ணால் தேடுங்கள். நேராக முறைக்காமல் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் பளிச்சென்று எட்டிப்பார்க்கும். விழித்திரையின் நடுவில் கூம்பு செல்கள்தான் அதிகம், மங்கலான ஒளியைப் பிடிக்கும் குச்சி செல்கள் ஓரத்தில் இருக்கின்றன. குச்சி செல்களுக்கு நிறம் தெரியாது என்பதால் 51 பெகாசியை வெறுங்கண்ணால் பார்த்தால் மஞ்சளும் கிடையாது, ஒன்றும் கிடையாது, சாம்பல் புள்ளிதான். அதை முன்கூட்டியே பையன்களிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "இதுதானா சார்?" என்பார்கள்.

மகாளய அமாவாசை ராத்திரி நல்ல நாள். அதை விட்டால் ஐப்பசி மழை வந்துவிடும். பொங்கல் சமயத்தில் இரவு ஏழரைக்கு மேற்கு வானில் மறுபடியும் பிடிக்கலாம்.

கணக்குப்பிள்ளை_தென்காசி:
ஒளிக் கணக்கை நான் பார்க்கிறேன். மங்கலாக இருப்பதால் அது சின்ன விண்மீன் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது, அதுதான் எனக்குக் கவலை.

சூரியனைக் கொண்டுபோய் அதே தூரத்தில் வையுங்கள். 10 பார்செக் (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு) தூரத்தில் சூரியனின் மேக்னிட்யூட் 4.83. 51 பெகாசி இருப்பது 15.5 பார்செக்கில். 1.55-க்கு மடக்கை எடுத்து 5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 0.95. கூட்டினால் 5.78. ஆக, நம்ம சூரியன் அங்கே 51 பெகாசியைவிடவும் மங்கலாகத்தான் தெரியும். 51 பெகாசியின் துல்லியமான அளவு 5.49, இரண்டுக்கும் வித்தியாசம் 0.29. அதை ஒளியாக மாற்றினால் 1.3 மடங்கு. நீங்கள் படித்த எண் அதுதான். மடக்கை படித்த ப்ளஸ் ஒன் பிள்ளைகளை நோட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்திலிருக்கும் ஷியாட் சுமார் 200 ஒளியாண்டு தூரத்தில் இருந்தும் 2.4-ல் மின்னுகிறது. அது சிவப்பு ராட்சத விண்மீன், விட்டம் சூரியனைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. மார்காப் 130 ஒளியாண்டு தூரத்தில், 10,000 கெல்வினை ஒட்டிய சூட்டில் வெண்மையாக எரிகிறது. வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறவை பெரும்பாலும் இப்படிப்பட்டவை. சூரியன் மாதிரி சாதுக்கள் 50 ஒளியாண்டிலேயே மங்கிப்போகிறார்கள்.

தூரம்: ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளின் 1997 பட்டியலில் இருந்து 50.1 வருகிறது, அதே தரவை 2007-ல் மறுபடி கணக்கிட்டபோது 50.9. பிறகு வந்த காயா விண்கலத்தின் அளவு இன்னும் நுட்பமானது, அதன்படி சுமார் 50.5. பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணத்தை (இடமாறு தோற்றக் கோணம்) வைத்துத்தான் தூரம் கணக்கிடுகிறார்கள். அந்தக் கோணமே 0.065 விகலைதான் (ஒரு விகலை, டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு), அதில் துளி மாறினாலும் தூரம் நகரும். போர்டில் "சுமார் 50" என்று எழுதுங்கள்.

வெப்பநிலை 5,790 கெல்வின் பக்கம், சூரியன் 5,772. நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான். நிறை சுமார் 1.1 சூரியன், விட்டம் சுமார் 1.2. இரும்பு போன்ற கன தனிமங்கள் சூரியனைவிட ஒன்றரை மடங்கு அதிகம்.

வயதை மட்டும் நேரடியாக அளக்க வழியில்லை. இந்த வகை விண்மீன் பல நூறு கோடி ஆண்டுகள் அதிகம் மாறாமல் எரிந்துகொண்டிருக்கும். நிறை, கன தனிம அளவு எல்லாவற்றையும் கோட்பாட்டு மாதிரியில் போட்டுத்தான் வயதைக் கணிக்கிறார்கள். உள்ளே போடுவது கொஞ்சம் மாறினால் வயது நூறு கோடிக் கணக்கில் தாவும். போர்டில் ஒற்றை எண் எழுதாதீர்கள்.

பாளை_மாடிவானம்:
ரொம்ப நன்றி. நான் பார்த்தது சதுரத்துக்கு உள்ளேதான், அப்போ 56 பெகாசியேதான். அமாவாசைக்குத் திசையன்விளைப் பக்கம் வேன் பிடிக்கிறோம். கடைசியாக ஒன்று: கோளையும் காட்டச் சொல்வான் அந்தப் பையன். பெரிய டெலஸ்கோப் இருந்தால் தெரியுமா?

அம்பை_இரவுவான்:
தெரியாது சார். விண்மீனை ஒட்டி 4.2 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது, விண்மீனின் வெளிச்சத்தில் அடிபட்டுப்போகும். நம் பார்வைக்கு விண்மீனுக்குக் குறுக்கே வருவதும் இல்லை, அதனால் ஒளி குறைவதை வைத்தும் பிடிக்க முடியாது. மிஷேல் மயோரும் டிடியே கேலோவும் பிரான்சில் ஓட் ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் பிடித்தது நிறமாலையில், அதாவது விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து. கோள் இழுப்பதால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் விநாடிக்கு 56 மீட்டர் வேகத்தில் ஆடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர், நம்ம நாலுவழிச் சாலையில் பறக்கும் ஆம்னி பஸ்ஸைப் போல இரண்டு மடங்கு. அந்த ஆட்டத்துக்குத்தான் 2019-ல் நோபல் பரிசில் பாதி. கோளின் நிறை குறைந்தபட்சம் வியாழனில் பாதி அளவு இருக்கும்.

காத்தாடிக்காடு:
வேன்காரரிடம் ஹெட்லைட்டை அணைக்கச் சொல்லிவிடுங்க அண்ணாச்சி. செல்போனையும் பையன்கள் உள்ளே வைக்கட்டும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்.