ஆயாவின் கையைப் பார்த்த நாள்: வடசென்னையிலிருந்து சில அனுபவங்கள்

தண்டையார்பேட்டை, ரேஷன் கடை விற்பனையாளர்

செய்யும் வேலையை நாம் பார்க்கும் விதம் மாறினால் வாழ்க்கையே மாறும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. ஒரு மீன்காரம்மாதான் என்னை மாற்றினார். என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

2020 அக்டோபரில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. அதன்பின் என் கடையில் நடந்த சண்டைகளில் பாதி "ரேகை விழவில்லை" என்பதால் வந்தவை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் கடைக்கு மீன் விற்கும் பெண்கள் நிறைய வருவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இவர்கள் வந்தால் வரிசை நகராது என்று மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

அன்று மாதத்தின் ஐந்தாம் தேதி, நல்ல கூட்டம். அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் ஆயா கட்டைவிரலை வைத்தார். விழவில்லை. மறுபடியும் வைத்தார், ஆள்காட்டி விரலையும் வைத்துப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான், "கையைக் கழுவிக்கொண்டு வரக்கூடாதா ஆயா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என் மேசைமேல் வைத்தார். "கழுவிக் கழுவித்தான் தம்பி இப்படி ஆகிவிட்டது" என்றார்.

நான்கு வருடங்களாக அந்தக் கைகளுக்கு அரிசி போட்டிருக்கிறேன், அன்றுதான் அவற்றைப் பார்த்தேன். விரல்நுனிகள் கூழாங்கல்லைப் போல வழவழவென்று இருந்தன. கோடு என்று ஒன்றுகூட இல்லை. ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி வெளுத்த தோலில் நெடுக்காக வெடிப்புகள். கட்டைவிரலின் அடியில் ஏதோ ஒரு மீனின் முள் கிழித்த பழைய தழும்பு. நகக்கண்ணில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. ஏலம் எடுக்க விடியுமுன்பே துறைமுகத்துக்குப் போய், கூடையைச் சுமந்து, பகலெல்லாம் மீன் ஆய்ந்துவிட்டு வந்து நிற்கும் கை அது. அந்தக் கையிடம்தான் நான் அழுக்கைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. இயந்திரம் ஏற்காவிட்டால் அது வந்தவரின் குற்றம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வரிசையை நகர்த்துவதுதான் என் வேலை என்றும் நினைத்திருந்தேன். அரிசி பைக்குள் போய்ச் சேர்வதுதான் என் வேலை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேசையில் ஓர் ஈரத்துணியும் சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெயும் வைத்தேன். வெடித்த விரலில் ஒரு சொட்டுத் தடவித் துடைத்தால் சிலருக்கு ரேகை விழுகிறது. இடது மோதிர விரல் அதிகம் தேயாததால் பலருக்கு அதுதான் விழுந்தது. யாருக்கு எந்த விரல் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு கருவிழி பதியும் கருவி வந்து வேலை இன்னும் இலகுவானது.

சம்பளம் கூடவில்லை. பருப்பும் பாமாயிலும் தாமதமாக வருவதும் நிற்கவில்லை. ஆனால் மாலையில் இருப்புக் கணக்கை முடிக்கும்போது வருகிற தலைவலி போய்விட்டது. வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவதும் குறைந்தது. என் மனைவி ஒருநாள், "கடையை மாற்றிவிட்டார்களா?" என்று கேட்டாள்.

வியாசர்பாடி, கல்லூரி விரிவுரையாளர்

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அம்மா நினைவுக்கு வந்தார். ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் துப்புரவுப் பணி செய்தவர். சிறுவயதில் அதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். பள்ளிப் படிவத்தில் "மருத்துவமனை ஊழியர்" என்று மட்டும் எழுதுவேன்.

முதுகலை படிக்கும்போது ஓர் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஆமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டது. வேலையின் எல்லையை ஊழியர்களே எப்படித் திருத்தி அமைத்துக்கொள்கிறார்கள் என்று விளக்கும்போது மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை எடுத்துக்காட்டுகிறார்கள். சிலர் சொன்ன வேலையை மட்டும் செய்து, யாரிடமும் பேசாமல் போனார்கள். வேறு சிலர், அதே வேலையில் இருந்தபடியே, நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று நம்பினார்கள். நோயாளிகளிடமும் வந்து போகிறவர்களிடமும் பேசினார்கள், யாரும் சொல்லாமலே சின்னச் சின்ன உதவிகளைச் செய்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, "வார்டில் நீ என்னம்மா செய்வாய்?" என்று முதல்முறையாகக் கேட்டேன். தரை துடைப்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. பார்க்க ஆள் வராத படுக்கை எது என்று காலையிலேயே கவனித்துவைப்பாராம். அந்தப் படுக்கைக்குக் கீழே மட்டும் மெதுவாகத் துடைப்பாராம், பேச்சுக் கொடுக்க நேரம் கிடைக்கும் என்று. அம்மா தன் வேலையை எப்போதும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மாற வேண்டியிருந்தது என் பார்வை.

எண்ணூர், மீனவர் குடும்பம்

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் கலந்து எங்கள் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. எங்கள் ஆட்கள் குவளையால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அந்த நேரத்தில் யாராவது வந்து "உன் பார்வையை மாற்றிக்கொள்" என்று சொல்லியிருந்தால் நான் மன்னித்திருக்க மாட்டேன். பார்வையை மாற்றி எண்ணெயை எடுக்க முடியாது. இதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் என் விஷயத்தில் ஒன்று மாறியது உண்மை. அதற்கு முன் கூட்டங்களுக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, படித்தவர்கள் பேசட்டும் என்றிருப்பேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் தண்ணீரில் அமர்ந்து, சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பறி என்கிற கூடையில் போடுகிறவர்கள். எந்த மாதத்தில் எந்த இடத்தில் இறால் இருக்கும், எங்கே இல்லாமல் போனது என்று அவர்களைப் போல யாருக்குத் தெரியும்? நான் அவர்களிடம் கேட்டு, தினமும் என்ன கிடைத்தது, என்ன விலைக்குப் போனது என்று நோட்டில் எழுதத் தொடங்கினேன். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று பேசினேன். குரல் நடுங்கியது. ஆனால் அதிகாரி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

புதுவண்ணாரப்பேட்டை, ஆட்டோ ஓட்டுநர்

என்னுடையது சின்ன அனுபவம். என் மகள் கேரம் ஆடப் போகிறேன் என்றபோது, தெருமுனையில் வேலையில்லாதவர்கள் ஆடுவது என்று அதட்டினேன். 2024 நவம்பரில் எங்கள் பகுதிப் பெண் காசிமா, அவரும் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்தார். தெருவே திரண்டு பேசியது. ஒருநாள் சவாரி இல்லாத நேரத்தில் என் மகள் பயிற்சி செய்வதை நின்று பார்த்தேன். ஒரே காயை, ஒரே கோணத்தில், நாற்பது தடவை அடித்தாள். நான் ஒரு வேலையை அவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. இப்போது பலகைக்கு மாவு வாங்கிவருவது என் பொறுப்பு.

தண்டையார்பேட்டை, ரேஷன் கடை விற்பனையாளர்

எண்ணூர் நண்பர் சொன்னதை இரண்டு முறை படித்தேன். அவர் சொல்வது சரி. ஆயாவின் கையை என் பார்வை ஆற்றிவிடவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். காசிமேட்டில் வரத்து குறைந்துவிடும். இந்த ஜூன் முதல் வாரத்தில் ஆயா கடைக்கு வந்தார். பழக்கத்தில் நான் எண்ணெய்க் குப்பியை எடுக்கப் போனேன். அவர் சும்மா கட்டைவிரலை வைத்தார். முதல் தடவையிலேயே விழுந்துவிட்டது.

எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. "ரேகை வந்துவிட்டது ஆயா!" என்றேன்.

"கூடை எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது தம்பி, வராமல் என்ன செய்யும்?" என்றார்.

அரிசியை நானே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் ரிக்‌ஷாவில் வைத்தேன். வழியில் துறைமுகம் எப்போது திறக்கும் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.